ஒரே கட்சியில் மிதவாதிகளும் முற்போக்காளர்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவில் ஜனநாயகக் கட்சியின் கவுன்ட்டி (நம் மாவட்டம் மாதிரி) கமிட்டி ஒன்றில் எட்டு வருடமாக இருக்கிறேன். பொங்கல் விழாவில் தட்டோடு வரிசையில் நிற்கும்போதும், குழந்தைகளைத் தமிழ்ப் பள்ளியில் விட்டுவிட்டு வெளியே காத்திருக்கும்போதும் நண்பர்கள் கேட்பது ஒரே மாதிரிக் கேள்விகள்தான். ஊரிலிருந்து சித்தப்பா போனில் கேட்பதும் அதையேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லிச் சொல்லி, முன்னுக்குப் பின் முரணாகப் பேசிவிடுவேனோ என்ற பயம் வந்துவிட்டது. அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

என் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் முற்போக்குப் பக்கம். ஆனால் கமிட்டியில் எனக்கு நெருங்கிய நண்பர்களில் பாதிப் பேர் மிதவாதிகள்.

மிதவாதி, முற்போக்குன்னு பிரிச்சுப் பேசுறாங்களே, யார் எந்தப் பக்கம்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

மிதவாதி என்ற சொல் 1907 சூரத் காங்கிரஸ் காலத்திலிருந்தே நமக்குப் பழக்கம். இங்கே அதன் பொருள் கொஞ்சம் வேறு. உதாரணமாக மருத்துவக் காப்பீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். எல்லோருக்கும் அரசே ஒரே காப்பீடு தர வேண்டும் என்பவர் முற்போக்காளர். இப்போதுள்ள தனியார் காப்பீட்டை வைத்துக்கொண்டே ஓட்டைகளை அடைக்கலாம் என்பவர் மிதவாதி. குறைந்தபட்சக் கூலி, பருவநிலை, வாடகை, வரி என்று எதைத் தொட்டாலும் சண்டை பெரும்பாலும் எவ்வளவு தூரம், எவ்வளவு வேகம் என்பதில்தான்.

நாடாளுமன்றத்தில் இதற்கு முறையான குழுக்களே உண்டு. முற்போக்கு அணியை பெர்னி சாண்டர்ஸும் இன்னும் சிலரும் 1991-ல் தொடங்கினார்கள். மிதவாதிகளுக்கு 1995-ல் தொடங்கிய ‘புளூ டாக்’ குழுவும் 1997-ல் வந்த ‘புதிய ஜனநாயகவாதிகள்’ குழுவும் இருக்கின்றன. இரண்டு பக்கமும் கால் வைத்திருப்பவர்களும் உண்டு.

மேலிடம் ஒரு உத்தரவு போட்டா முடிஞ்சுதே. ஏன் இவ்வளவு இழுபறி?

சித்தப்பா கேட்ட கேள்வி இது. இந்தியாவில் 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டம் இருக்கிறது. கொறடா உத்தரவை மீறி வாக்களித்தால் பதவியே போகலாம். இங்கே அப்படி ஒரு சட்டம் கிடையாது. ஒரு செனட்டர் சொந்தக் கட்சியின் அதிபர் கொண்டுவரும் மசோதாவைத் தோற்கடித்துவிட்டு, மறுநாள் அதே இருக்கையில் உட்காரலாம்.

அதைவிட முக்கியமானது, சீட்டு கொடுப்பது தலைமை இல்லை. கட்சியின் வேட்பாளர் யார் என்பதை பிரைமரி என்ற முதன்மைத் தேர்தலில் வாக்காளர்கள் முடிவு செய்கிறார்கள். 2018-ல் பிரதிநிதிகள் சபையில் கட்சியின் நான்காம் இடத்தில் இருந்த ஜோ குரோலியை, நியூயார்க்கில் 28 வயது அலெக்சாண்ட்ரியா ஒகாசியோ கோர்ட்டெஸ் பிரைமரியில் தோற்கடித்தார். தலைமை முழுக்க குரோலி பக்கம்தான் இருந்தது, ஒன்றும் செய்ய முடியவில்லை. இப்படிப்பட்ட கட்சியில் ஒற்றுமைக்கு உத்தரவு போட முடியாது. உட்கார்ந்து பேசித்தான் கொண்டுவர வேண்டும்.

அப்போ ரெண்டு கட்சியாப் பிரிஞ்சு போயிடலாமே? தினம் தினம் சண்டை எதுக்கு?

இங்கே தொகுதிக்கு ஒருவர், அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார், அவ்வளவுதான். தனியாக நின்று 15 சதவீதம் வாங்கினால் கையில் எதுவும் இருக்காது. இந்தியாவிலும் இதே முறைதான், ஆனால் அங்கே தேர்தலுக்கு முன் கூட்டணி வைத்துத் தொகுதிகளைப் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். இங்கே அந்தப் பழக்கம் இல்லை. நம் ஊரில் கட்சிகளுக்கு நடுவே நடக்கும் கூட்டணிப் பேரம் இங்கே ஒரே கட்சிக்குள் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

பிரிந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2000-ம் ஆண்டு சாட்சி. புளோரிடாவில் அல் கோர் 537 ஓட்டில் தோற்றார். அதே மாநிலத்தில் பசுமைக் கட்சியின் ரால்ஃப் நேடர் 97,000-க்கும் மேல் வாங்கினார். அந்த ஓட்டெல்லாம் கோருக்கு வந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. நூற்றில் ஒரு பங்கு கூடுதலாக வந்திருந்தாலே போதும், அதிபரே மாறியிருப்பார்.

எதுக்கெடுத்தாலும் 2016, 2016-ங்கிறாங்களே. அப்படி என்னதான் நடந்துச்சு?

கட்சியின் அதிபர் வேட்பாளர் யார் என்று ஹிலாரி கிளின்டனுக்கும் முற்போக்காளர் சாண்டர்ஸுக்கும் பிரைமரி போட்டி. கிளின்டன் ஜெயித்தார், மக்கள் ஓட்டிலும் தெளிவாகவே ஜெயித்தார். ஆனால் வேட்பாளரை முறைப்படி தேர்ந்தெடுக்கும் கட்சி மாநாட்டில் 700-க்கும் மேற்பட்ட ‘சூப்பர் டெலிகேட்’கள் இருந்தார்கள். கட்சிப் பதவி, அரசுப் பதவி காரணமாக யாருக்கு வேண்டுமானாலும் ஓட்டுப் போடும் உரிமை பெற்றவர்கள் இவர்கள். பெரும்பாலானோர் ஆரம்பத்திலேயே கிளின்டன் பக்கம் போய்விட்டார்கள். ஒரு ஓட்டு விழும் முன்னரே எதிராளி பல நூறு ஓட்டு முன்னால் நிற்பதாக டிவியில் காட்டினால், புதிதாக அரசியலுக்கு வந்த ஒரு கல்லூரிப் பிள்ளைக்கு எப்படி இருக்கும்? மாநாட்டுக்கு மூன்று நாள் இருக்கும்போது கட்சித் தலைமையகத்தின் மின்னஞ்சல்கள் விக்கிலீக்ஸில் வெளியாயின. நடுநிலை வகிக்க வேண்டிய அதிகாரிகளே சாண்டர்ஸை இளக்காரமாகப் பேசியிருந்தார்கள். தலைவர் டெபி வாசர்மேன் ஷுல்ட்ஸ் பதவி விலகினார்.

தோற்றவனுக்குத் தோல்வி வலிக்கும், ஆறிவிடும். நடுவரே எதிர் அணிக்கு ஆடினார் என்று தோன்றிவிட்டால் அது ஆறாது. அந்த வருடம் கொள்கை அறிக்கைக் குழுவில் சாண்டர்ஸ் தரப்புக்கு 15-ல் 5 இடம் கொடுத்தார்கள். மணிக்கு 15 டாலர் கூலி அறிக்கையில் ஏறியது. நல்ல விஷயங்கள்தான், ஆனால் யார் காதிலும் விழவில்லை. பிறகு 2018-ல் விதியை மாற்றினார்கள். போட்டி இழுபறியாக இருந்தால், முதல் சுற்றில் சூப்பர் டெலிகேட்களுக்கு ஓட்டு இல்லை. என்னைக் கேட்டால், கடந்த பத்து வருடத்தில் ஒற்றுமைக்காகக் கட்சி செய்த மிகப் பெரிய காரியம் எந்த மேடைப் பேச்சும் இல்லை, இந்த விதி மாற்றம்தான்.

2020-ல மட்டும் எப்படிச் சட்டுன்னு சேர்ந்துட்டாங்க?

சட்டென்று நடந்தது மாதிரித் தெரியும். சாண்டர்ஸ் ஏப்ரல் 8-ம் தேதி போட்டியிலிருந்து விலகினார். ஐந்தே நாளில், 13-ம் தேதி, ஜோ பைடனோடு ஒரே திரையில் தோன்றி ஆதரவு தெரிவித்தார். 2016-ல் இதே ஆதரவு ஜூலை 12 வரை இழுத்தது. பைடனுக்கும் அவருக்கும் தனிப்பட்ட முறையில் நல்ல உறவு இருந்தது. கொரோனா எல்லோரையும் வீட்டில் முடக்கியிருந்தது. டிரம்ப்பைத் தோற்கடித்தாக வேண்டும் என்ற நினைப்பும் இருந்தது. இதெல்லாம் உதவியது உண்மை. ஆனால் ஒட்டவைத்தது வேறு.

ஆதரவு அறிவித்த அன்றே, இரு தரப்பும் சேர்ந்து ஆறு பணிக்குழு அமைப்பதாகச் சொன்னார்கள். பருவநிலை, மருத்துவம், பொருளாதாரம், கல்வி, குடியேற்றம், குற்றவியல் நீதி. ஒவ்வொன்றுக்கும் இரண்டு தலைவர்கள், பைடன் தரப்பில் ஒருவர், சாண்டர்ஸ் தரப்பில் ஒருவர். பருவநிலைக் குழுவில் ஜான் கெர்ரியும் ஒகாசியோ கோர்ட்டெஸும். மருத்துவக் குழுவில் விவேக் மூர்த்தியும், சென்னையில் பிறந்த பிரமிளா ஜெயபாலும். உறுப்பினர் எண்ணிக்கை பைடன் பக்கம் கூடத்தான் இருந்தது, ஜெயித்தது அவர்தானே. ஜூலை 8-ம் தேதி 110 பக்க அறிக்கை வந்தது.

பருவநிலைக் குழுவைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். ‘சன்ரைஸ்’ என்ற இளைஞர் இயக்கம் பைடனின் பழைய பருவநிலைத் திட்டத்துக்கு ஃபெயில் மார்க் போட்டிருந்தது. அந்த இயக்கத்தைத் தொடங்கியவர்களில் ஒருவரான வர்ஷினி பிரகாஷையே குழுவில் உட்காரவைத்தார்கள். 2035-க்குள் மின் உற்பத்தியில் கார்பன் மாசு இருக்கக் கூடாது என்ற இலக்கு அறிக்கையில் இடம்பெற்றது. அடுத்த வாரமே பைடன் அதைத் தன் திட்டமாக அறிவித்தார். பழைய திட்டத்தில் பத்து வருடத்துக்கு 1.7 லட்சம் கோடி டாலர். புதியதில் நான்கே வருடத்துக்கு 2 லட்சம் கோடி. மருத்துவத்தில் ஜெயபால் கேட்ட ஒரே அரசுக் காப்பீடு கிடைக்கவில்லை, பைடன் அசையவில்லை. கிடைத்ததும் கிடைக்காததும் எழுத்தில் இருந்தது. யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இந்த இடத்தைத்தான் நான் எல்லோரிடமும் திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

காகிதத்துல எழுதினது சரி. ஆட்சிக்கு வந்த பிறகு நடந்துச்சா?

பாதி நடந்தது, அதுவும் ரத்தம் சிந்தித்தான். 2021 மார்ச்சில் வந்த 1.9 லட்சம் கோடி டாலர் நிவாரணச் சட்டத்தில் குழந்தைகளுக்கான மாத உதவித்தொகையும் காப்பீட்டு மானியமும் கிடைத்தன. 15 டாலர் கூலி கிடைக்கவில்லை. சாண்டர்ஸ் கொண்டுவந்த திருத்தம் 42-க்கு 58 என்று தோற்றது. எதிர்த்தவர்களில் எட்டுப் பேர் நம் பக்கத்தவர்கள்.

அப்புறம் இரண்டு மசோதா. ஒன்று சாலை, பாலம், குடிநீர்க் குழாய்களுக்கானது. மிதவாதிகளின் செல்லப்பிள்ளை, செனட்டில் குடியரசுக் கட்சியினரும் சேர்ந்து 69-30 என்று நிறைவேற்றியிருந்தார்கள். இன்னொன்று குழந்தைப் பராமரிப்பு, பருவநிலை, மருத்துவம் எல்லாம் சேர்ந்த 3.5 லட்சம் கோடி டாலர் திட்டம், முற்போக்காளர்களின் கனவு. முதல் மசோதா நிறைவேறிவிட்டால் மிதவாதிகள் கைகழுவிவிடுவார்கள் என்று முற்போக்காளர்கள் பயந்தார்கள். இரண்டும் சேர்ந்துதான் போகும் என்று, அப்போது முற்போக்கு அணித் தலைவராக இருந்த ஜெயபால் பிடித்து நிறுத்தினார். பிரதிநிதிகள் சபையில் நவம்பர் 5-ம் தேதி இரவு வரை இழுபறி. கறுப்பின உறுப்பினர்களின் குழு நடுவில் வந்து வழி சொன்னது. ஐந்து மிதவாதிகள், செலவுக் கணக்கு சரியாக வந்தால் இரண்டாவது மசோதாவுக்கு ஓட்டுப் போடுவோம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்கள். நள்ளிரவை ஒட்டி 228-206 என்று முதல் மசோதா நிறைவேறியது. இரண்டே வாரத்தில் அந்த ஐந்து பேரும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்கள்.

ஆனால் செனட்டில் கட்சியின் மிதவாத செனட்டர் ஜோ மான்ச்சின் டிசம்பர் 19-ம் தேதி டிவி பேட்டியில் முடியாது என்று சொல்லிவிட்டார். முற்போக்கு நண்பர்கள் பலர் அன்றே கமிட்டி வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினார்கள். ஏழு மாதம் கழித்து, யாரும் எதிர்பார்க்காத நேரத்தில், மான்ச்சினும் செனட்டில் கட்சித் தலைவரான சக் ஷூமரும் பேசி முடித்த சிறிய மசோதா வந்தது. பருவநிலை, எரிசக்திக்கு சுமார் 36,900 கோடி டாலர், முதியோருக்கான அரசுக் காப்பீடான மெடிகேரில் இன்சுலின் மாதம் 35 டாலருக்கு மேல் போகக் கூடாது, மருந்து விலையை அரசு பேரம் பேசலாம். குழந்தைப் பராமரிப்பு போய்விட்டது. செனட்டில் 50-50, துணை அதிபர் கமலா ஹாரிஸ் ஓட்டில் நிறைவேறியது. பிரதிநிதிகள் சபையில் ஜனநாயகக் கட்சியினர் ஒருவர்கூட எதிர்த்து ஓட்டுப் போடவில்லை.

நவம்பர்ல ஆறு முற்போக்காளர்கள் எதிர்த்து ஓட்டுப் போட்டாங்களே. கடைசியில அவங்க சொன்னதுதானே நடந்துச்சு?

ஒகாசியோ கோர்ட்டெஸ் உள்பட ஆறு பேர் முதல் மசோதாவை எதிர்த்தார்கள். பிடியை விட்டால் இரண்டாவது வராது என்றார்கள். மான்ச்சின் விஷயத்தில் அவர்கள் கணிப்பு சரியாகவே இருந்தது. அதை ஒத்துக்கொள்ளாமல் அவர்களைத் திட்டுவது அநியாயம்.

ஆனாலும் ஜெயபால் எடுத்த முடிவுதான் சரி என்று நினைக்கிறேன். பிரதிநிதிகள் சபை மிதவாதிகள் கையெழுத்தை மதித்தார்கள். கைவிட்டது அந்தக் காகிதத்தில் கையெழுத்தே போடாத ஒரு செனட்டர். தப்பு பேரம் பேசியதில் இல்லை, கடைசி ஓட்டு யாரிடம் இருக்கிறதோ அவரை மேசைக்குக் கொண்டுவராததில்தான்.

மான்ச்சின் மாதிரி ஆளுங்களைக் கட்சியை விட்டே தூக்கியிருக்கலாமே?

2020-ல் மேற்கு வர்ஜீனியாவில் டிரம்ப் சுமார் 39 சதவீதப் புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்தார். அந்த மாநிலத்தில் ஜனநாயகக் கட்சிக்காரர் ஒருவர் செனட்டராக இருந்ததே அதிசயம். அவர் இல்லாவிட்டால் 50 இடம் இல்லை. 50 இல்லாவிட்டால் மேலே சொன்ன நிவாரணச் சட்டமும் இல்லை, அந்தச் சிறிய மசோதாவும் இல்லை, இன்சுலின் விலையும் இறங்கியிருக்காது. அவர் மேல் எனக்கு இருந்த கோபம் இன்னும் போகவில்லை. 2024-ல் அவர் கட்சியை விட்டு வெளியேறினார், மீண்டும் நிற்கவில்லை. அந்த இடம் குடியரசுக் கட்சிக்குப் போனது. இனி எப்போது திரும்பி வரும் என்று சொல்ல முடியாது.

சொந்தக் கட்சிக்காரரையே எதிர்த்து பிரைமரியில நிக்கிறது துரோகம் இல்லையா?

இல்லை. மேலே சொன்னபடி இங்கே பிரைமரிதான் வாக்காளரின் பிடி. குரோலியைத் தோற்கடித்த ஒகாசியோ கோர்ட்டெஸ், அடுத்த ஜனவரியில் சபாநாயகர் பதவிக்குக் கட்சித் தலைமையின் வேட்பாளரான நான்சி பெலோசிக்கே ஓட்டுப் போட்டார். போட்டி ஒரு நாள், சேர்ந்து வேலை செய்வது இரண்டு வருடம்.

பிரைமரி விஷமாவது வெளிப் பணம் கொட்டும்போது. 2024-ல் நியூயார்க்கில் முற்போக்காளர் ஜமால் போமன் தோற்றபோது, இஸ்ரேல் ஆதரவு அமைப்பான ஐபாக்கின் தேர்தல் நிதிக் குழு மட்டும் 1.4 கோடி டாலருக்கு மேல் செலவழித்தது. அவர் தொகுதிக்குள் சம்பாதித்துக்கொண்ட அதிருப்தியும் தோல்விக்குக் காரணம்தான், மறுக்கவில்லை. ஆனால் இப்படி ஒரு தோல்விக்குப் பிறகு தோற்றவரின் தொண்டர்களிடம் போய் “வாங்க, சேர்ந்து வேலை செய்யலாம்” என்று யார் எந்த முகத்தோடு சொல்வது? நடுவர் பற்றி முன்பு சொன்னேனே, அதே புண்தான் இது.

ஒருத்தர் போடற கோஷத்துக்கு இன்னொருத்தர் சீட்டு போகுது. இதுல என்ன ஒற்றுமை?

2020 தேர்தல் முடிந்த இரண்டாம் நாள் நடந்த உள்கட்சித் தொலைபேசிக் கூட்டத்தில் இந்தச் சண்டை வெடித்தது. போலீஸ் நிதியைப் பறி என்ற கோஷமும் சோஷலிசம் என்ற சொல்லும் தங்களைத் தோல்வி வரை தள்ளிவிட்டன என்று வர்ஜீனியாவின் மிதவாதி அபிகெய்ல் ஸ்பான்பெர்கர் கொதித்தார். சுமார் 8,000 ஓட்டில் தப்பியவர் அவர். சரியாகப் பிரசாரம் செய்யத் தெரியாமல் பழியை எங்கள் மேல் போடுகிறீர்கள் என்று ஒகாசியோ கோர்ட்டெஸ் பதில் சொன்னார்.

இதில் நான் ஸ்பான்பெர்கர் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். போலீஸ் கையில் ஜார்ஜ் ஃபிளாய்ட் கொல்லப்பட்ட கோபம் நியாயமானது, அதை யாரும் அடக்கச் சொல்லக் கூடாது. ஆனால் விளக்கம் சொன்னால்தான் புரியும் என்கிற கோஷத்தை நம் கூட்டாளி அவர் தொகுதியில் வீடு வீடாக விளக்க வேண்டியிருக்கிறது. அந்தச் சுமை யார் தலையில் விழுகிறது என்று போடுகிறவர் யோசிக்கத்தான் வேண்டும். அதே நேரம், மிதவாதிகளும் ஒரு காரியம் செய்யலாம். “அது என் கொள்கை இல்லை, என் கொள்கை இது” என்று சொன்னால் போதும். கூட்டாளியைக் கேலி செய்து கைதட்டல் வாங்க வேண்டியதில்லை.

காசா விஷயத்துல எப்படிங்க சமரசம் பேசுறது? அது கூலி மாதிரி நடுவுல வெட்டுற சமாச்சாரமா?

இல்லை. 15 டாலர் கேட்டு 12-க்கு ஒத்துக்கொள்ளலாம். உயிர் விஷயத்தில் அப்படி நடுப்புள்ளி கிடையாது. 2024 பிப்ரவரியில் மிச்சிகன் பிரைமரியில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள், காசா போரில் இஸ்ரேலை ஆதரித்த பைடனுக்கு எதிராக “யாருக்கும் இல்லை” என்று ஓட்டுப் போட்டார்கள். அவர்கள் கட்சியை விட்டுப் போகவில்லை. பிரைமரிக்கு வந்து, விதிப்படி, தங்கள் எதிர்ப்பைப் பதிவு செய்தார்கள்.

ஆகஸ்ட் மாநாட்டில் அவர்கள் கேட்டது பாலஸ்தீன வம்சாவளிப் பேச்சாளர் ஒருவருக்குச் சில நிமிட மேடை. கொடுக்கவில்லை. பெரிய தப்பு அது. கொள்கையில் இணங்க முடியாதபோது மரியாதையாவது மிச்சம் இருக்க வேண்டும். ஹமாஸ் பிடித்துவைத்திருந்த பிணைக்கைதி ஒருவரின் பெற்றோர் அதே மேடையில் பேசினார்கள், பேசியது சரி. அரங்கமே அழுதது. இன்னொரு தாய்க்கும் அந்த இடம் கிடைத்திருக்க வேண்டும்.

2024 தோல்விக்கு யாருங்க காரணம்? நீங்களா, அவங்களா?

இந்தக் கேள்விக்கு இரண்டு தரப்பும் மறுநாள் காலையிலேயே பதில் தயாராக வைத்திருந்தார்கள். இரண்டு பதிலும் அவரவர் முன்பிருந்தே சொல்லிவந்ததுதான். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் தேர்வாளர் குழு ஓட்டில் ஹாரிஸ் 312-க்கு 226 என்று டிரம்ப்பிடம் தோற்றார். விலைவாசி, பைடன் விலகத் தாமதித்தது, காசா என்று காரணங்கள் நிறைய. இதில் ஒருவரைக் குற்றவாளியாக்கும் கூட்டத்துக்கு நான் போவதில்லை.

மம்தானி மாதிரி போகணுமா, ஸ்பான்பெர்கர் மாதிரி போகணுமா?

இரண்டு பேரும் 2025 நவம்பர் 4-ம் தேதி ஒரே இரவில் ஜெயித்தார்கள். சோரான் மம்தானி தன்னை ஜனநாயக சோஷலிஸ்ட் என்று சொல்லிக்கொள்பவர், நியூயார்க் மேயரானார். முன்பு சொன்ன அதே ஸ்பான்பெர்கர், சி.ஐ.ஏ.வில் வேலை பார்த்தவர், வர்ஜீனியா ஆளுநரானார். நியூஜெர்சியில் கடற்படை ஹெலிகாப்டர் ஓட்டிய மிக்கி ஷெரில் ஆளுநரானார். மம்தானி வாடகையை உயர்த்தாமல் நிறுத்துவேன் என்றார். ஷெரில் கரன்ட் பில்லை உயர்த்தாமல் நிறுத்துவேன் என்றார். ஒருவர் சோஷலிஸ்ட், இன்னொருவர் மிதவாதி. மாதக் கடைசியில் கையில் காசு இல்லாத வீட்டுக்காரருக்கு இரண்டும் ஒரே பேச்சாகத்தான் கேட்கும்.

இன்னொன்றும் கவனியுங்கள். நியூயார்க் ஆளுநர் கேத்தி ஹோக்கல் மிதவாதி, மம்தானியோடு பல விஷயத்தில் ஒத்துப்போகாதவர். செப்டம்பரிலேயே அவரை ஆதரித்து எழுதினார், எதில் உடன்பாடு இல்லை என்பதையும் மறைக்கவில்லை. செனட்டில் கட்சித் தலைவரான ஷூமரோ, சொந்த ஊர் வேட்பாளரை ஆதரிக்கிறேன் என்று கடைசி வரை சொல்லவில்லை. முற்போக்காளர்களிடம் மட்டும் “ஜெயித்தவர் பின்னால் நில்லுங்கள்” என்று கேட்டுவிட்டு, அவர்கள் ஜெயிக்கும்போது ஒதுங்கி நின்றால் அடுத்த முறை யார் கேட்பார்கள்?

எங்க ஊர்க் கமிட்டியில பத்துப் பேர்தான். அதுலயும் ரெண்டு கோஷ்டி. நாங்க என்ன செய்யணும்?

எங்கள் கமிட்டியில் நடந்ததைச் சொல்கிறேன். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அடுக்குமாடி கட்ட அனுமதிக்கலாமா என்று ஒரு தீர்மானம். வாடகைக்கு இருப்பவர்கள் ஒரு பக்கம், முப்பது வருடக் கடன் கட்டி வீடு வாங்கியவர்கள் இன்னொரு பக்கம். நூலகத்தின் அடித்தள அறையில் மூன்று கூட்டம் கத்தித் தீர்த்தோம். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்து அணைத்துப் போடுவார்கள், அப்போதும் வாசலில் நின்று தொடர்வோம்.

எங்கள் தலைவர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. அவர் ஒரு காரியம் செய்தார். வீடு வீடாகப் போகும் சனிக்கிழமைப் பட்டியலில், எதிரெதிர் அணி ஆட்களை ஜோடியாகப் போட்டார். தீர்மானத்தை நேருக்கு நேர் எதிர்த்த ஒருவரோடு நான் நாற்பத்திரண்டு கதவு தட்டினேன். பதினேழாவதோ பதினெட்டாவதோ கதவு திறந்தபோது ஒரு அம்மா கையில் கரன்ட் பில்லோடு நின்றார், எங்களைக் கம்பெனிக்காரர்கள் என்று நினைத்துவிட்டார். கால் மணி நேரம் அந்த பில்லை வாசற்படியில் உட்கார்ந்து மூன்று பேரும் வரிவரியாகப் பார்த்தோம். திரும்பி நடக்கும்போது என்னோடு கதவு தட்டியவர், “என் மகனுக்கு இந்த ஊரில் வீடு கிடைக்காது, அது எனக்கும் தெரியும். என் தெருவில் கார் நிறுத்த இடம் இல்லாமல் போகுமோ என்றுதான் பயம்” என்றார். மூன்று கூட்டத்தில் அவர் இதைச் சொன்னதில்லை. நானும் கேட்டதில்லை. கடைசியில் நான்கு மாடி, கட்டாய பார்க்கிங் என்று திருத்தி நிறைவேற்றினோம். எனக்கு ஆறு மாடி வேண்டியிருந்தது.

இன்னொரு பழக்கமும் வைத்திருக்கிறோம். பிரைமரிக்கு முன்பே, யார் ஜெயிப்பார் என்று தெரியாத நேரத்தில், இரண்டு தரப்பும் ஒரு பக்கத் தாளில் கையெழுத்துப் போடும். தோற்றவருக்குக் கொள்கைக் குழுவில் ஐந்தில் இரண்டு இடம். ஒரு வாரத்துக்குள் இருவரும் ஒரே மேடை. ஜெயித்த பிறகு பேசினால் தாராளம் வராது, அதனால்தான் முன்பே. ஒரு முறை, ஒரு தரப்பு கடைசி நாளில் மோசமான துண்டுப் பிரசுரம் அனுப்பியதால் அந்த ஒரே மேடைக்கு மூன்று வாரம் ஆனது. ஆனாலும் வந்தார்கள், கையெழுத்து இருந்ததே.

நான் மிதவாதி. கூட்டத்துல வாயைத் திறந்தாலே ‘விலை போயிட்டான்’கிறாங்க. எதுக்கு வரணும்?

வராதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் உங்கள் வருத்தம் நியாயமானது. எங்கள் பக்கத்தில் இந்தக் கெட்ட பழக்கம் உண்டு. ஒருவர் வேகத்தைப் பற்றிச் சந்தேகம் கேட்டால், நேர்மையைச் சந்தேகிக்கிறோம். தலைவரிடம் சொல்லுங்கள். அந்த ஐந்து மிதவாதிகள் கையெழுத்தைக் காப்பாற்றிய கதையை நான் எங்கள் ஆட்களிடம் அடிக்கடி சொல்வது இதற்காகத்தான்.

பேரம், பேரம்னு சொல்றீங்க. பேரத்துக்கு ஒரு எல்லையே இல்லையா? 2025 ஷட்டவுன்ல எட்டுப் பேர் போனது சரியா?

2021 நிவாரணச் சட்டத்தில் வந்த காப்பீட்டு மானியத்தைச் சொன்னேன் அல்லவா, அது 2025 முடிவில் காலாவதியாக இருந்தது. அதை நீட்டிக்காமல் பட்ஜெட்டுக்கு ஓட்டில்லை என்று கட்சியில் பெரும்பாலோர் நின்றார்கள். அரசு 43 நாள் முடங்கியது. சம்பளம் இல்லாமல் விமான நிலைய ஊழியர்கள் வேலை பார்த்தார்கள், உணவு உதவி தடைப்பட்டது. கடைசியில் கட்சி அணியைச் சேர்ந்த எட்டு செனட்டர்கள் எதிர்ப்பக்கம் போய் ஓட்டுப் போட்டு முடித்துவைத்தார்கள். கிடைத்தது டிசம்பரில் மானியத்துக்கு ஒரு வாக்கெடுப்பு நடக்கும் என்ற வாக்குறுதி. நடந்தது, தேவையான 60 ஓட்டு வரவில்லை.

எல்லை எங்கே என்று கேட்டால், என் பதில் இதில்தான் இருக்கிறது. பசியில் இருந்த குடும்பங்களுக்காக அவர்கள் இரங்கியதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் அது இரு அணிக்கும் நடுவே நடந்த பேரம் இல்லை. முற்போக்காளர் மட்டும் இல்லை, மிதவாதிகளில் பலரும் கொதித்தார்கள். அந்த எட்டுப் பேரில் ஒருவரான ஜீன் ஷஹீனின் மகள், தானும் அப்போது நாடாளுமன்றத்துக்கான போட்டியில் இருந்தவர், அம்மாவின் முடிவை வெளிப்படையாக எதிர்த்தார். நாற்பது நாள் சேர்ந்து நின்றவர்களிடம் ஒரு நாள் முன்பு உட்கார்ந்து, “இனி என்னால் முடியாது, எதைக் கொடுத்தால் நீங்கள் தாங்குவீர்கள்?” என்று கேட்டிருக்கலாம். அந்த வாரம் எங்கள் கமிட்டிக் கூட்டத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு பேர் வந்தார்கள். நாற்காலி போதவில்லை. அடுத்த சனிக்கிழமைக்கான ஜோடிப் பட்டியலை ஆசிரியை நின்றுகொண்டேதான் எழுதினார்.